வெள்ளை இலை பச்சையாக மாறுகிறது, என்ன செய்யலாம்? மதுரை வாசகிக்கு ஒரு பதில்

மதுரை வில்லாபுரம் பகுதியில் இருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதமும் ஆறு படங்களும் அனுப்பியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். அடையாளம் தெரியும்படி இருந்த ஒன்றிரண்டு விவரங்களையும் மாற்றிவிட்டேன்.

விஷயம் இதுதான். வாடகை வீடு, முதல் மாடி. மூன்று வருஷத்துக்கு முன்னால் அழகர்கோவில் சாலையில் ஒரு நர்சரியில் 'மார்பிள் குயின்' மணி பிளாண்ட் வாங்கியிருக்கிறார். அப்போது இலையில் பாதிக்கு மேல் வெள்ளை, பால் தெளித்த மாதிரி. வெயிலே வேண்டாம், வீட்டுக்குள் எங்கே வேண்டுமானாலும் வளரும் என்று சொல்லிக் கொடுத்தார்களாம். ஹால் சீலிங்கில் கொக்கி மாட்டித் தொங்கவிட்டார். கொடி இப்போது ஐந்தடிக்கு இறங்கியிருக்கிறது. ஆனால் புது இலையெல்லாம் பச்சை, அதுவும் சிறுத்துப் போய், இலைக்கும் இலைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. தொட்டிக்குப் பக்கத்தில் கொடி மொட்டையாக நிற்கிறது. அடி இலை மஞ்சளாகி விழுகிறது, மிச்சம் இருக்கும் பழைய வெள்ளை இலைகளின் ஓரம் காபிப்பொடி நிறத்தில் கருகுகிறது. தண்ணீர் பத்தவில்லையோ என்று தினமும் ஒரு சொம்பு ஊற்றுகிறார், ஆர்.ஓ. மெஷினில் வீணாகப் போகும் தண்ணீர். அது போக அரிசி கழுவிய தண்ணீர், ஆறிப்போன டீ. கணவர் திருமங்கலம் பக்கத்துச் சொந்த ஊரில் இருந்து கரிசல் மண் கொண்டுவந்து மேலே போட்டிருக்கிறார்.

இதற்கு நடுவில் மாமியார், "மணி பிளாண்ட் வாடினா வீட்டில் காசு தங்காது" என்கிறார். விளக்குத்தூண் பக்கம் இருக்கும் கணவரின் துணிக்கடையில் இந்த வருஷம் வியாபாரம் மந்தம், அதனால் அந்தப் பேச்சு இவர் தலையில் விடிகிறது. ஒன்றரை வயது மகள் தொங்கும் கொடியைப் பிடித்து இழுக்க ஆரம்பித்துவிட்டாள். செடி பிழைக்குமா, வெள்ளை திரும்புமா, மொட்டை மாடியில் கொண்டுபோய் வைத்துவிடட்டுமா, குழந்தைக்கு ஆபத்தா, இதுதான் கேள்வி.

சகோதரி, முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். பிழைக்கும். மூன்றாவது படத்தில் கொடியின் நடுப்பகுதி நன்றாகவே இருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கவனிக்காமல் விட்டதால் செடி இப்படி ஆகிவிட்டது என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. நிறையவே கவனித்திருக்கிறீர்கள், ஆனால் எல்லாக் கவனிப்பும் தண்ணீராகவே போயிருக்கிறது. செடிக்குப் போதாமல் போனது வெளிச்சம்.

வெள்ளை என்பது பசி

இலையில் பச்சை இருக்கும் இடத்தில்தான் சமையல் நடக்கிறது. வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லை, அல்லது பேருக்குத்தான் இருக்கிறது. அதனால் அந்தப் பகுதி சாப்பிடும், சமைக்காது. பாதி வெள்ளையான இலை என்றால் நாலு பேர் வீட்டில் ஒரே அடுப்பு எரிகிற மாதிரி. சாதாரணப் பச்சை மணி பிளாண்ட் மங்கல் வெளிச்சத்தில் ஒப்பேற்றிவிடும். மார்பிள் குயினுக்கு அதைவிடக் கூடுதல் வெளிச்சம் வேண்டும், அப்போதும் மெதுவாகத்தான் வளரும். வெளிச்சம் பத்தவில்லை என்றால் புது இலையில் பச்சை கூடும், பச்சை கூடிய கொடி வேகமாக வளர்ந்து வெள்ளைக் கொடியை ஓரங்கட்டிவிடும். உங்கள் வீட்டில் நடந்தது அதுதான். நர்சரியில் சொன்னது பச்சைக் கொடிக்குப் பொருந்தும், வெள்ளை கலந்ததற்குப் பொருந்தாது. நேரடி வெயில் வேண்டாம் என்பதையும் வெளிச்சமே வேண்டாம் என்பதையும் நிறையப் பேர் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறார்கள்.

இந்தச் செடியின் பூர்விகம் பசிபிக் கடலில் பிரெஞ்சு பாலினீசியாவைச் சேர்ந்த மோரியா தீவு. அங்கே மரத்தைப் பற்றிக்கொண்டு வெளிச்சத்தைத் தேடி மேலே ஏறும் கொடி இது. நம் பக்கமும் தென்னை மரத்தில் ஏறிய மணி பிளாண்டைப் பார்த்திருப்பீர்கள், இலை ஒவ்வொன்றும் தாம்பாளம் அளவு இருக்கும். அதே கொடி கீழே தொங்கினால் இலை சிறுத்துக்கொண்டே போகும். தொங்கவிடக் கூடாது என்று சொல்லவில்லை, தொங்கும் அழகுக்காகத்தானே வாங்கினீர்கள். ஐந்தடிக் கொடியில் கடைசி இலை சின்னதாக இருப்பதை நோய் என்று நினைக்க வேண்டாம், அவ்வளவுதான்.

உங்கள் இரண்டாவது படத்தை வெகு நேரம் பார்த்தேன். கொக்கி சீலிங்கில் இருக்கிறது, தொட்டி ஜன்னலின் மேல் விளிம்புக்கும் மேலே தொங்குகிறது. ஜன்னலுக்கு வெளியே சன்ஷேடு, அதற்கு அடுத்து ஐந்தடி தள்ளிப் பக்கத்து வீட்டுச் சுவர். நீங்கள் ஹாலில் நின்று பார்க்கும்போது வெளிச்சமாகத்தான் தெரியும், நம் கண் எந்த மங்கலுக்கும் பழகிக்கொள்ளும். ஒரு காரியம் செய்யுங்கள். ஸ்டூலில் ஏறி, தொட்டி இருக்கும் இடத்தில் உங்கள் கண்ணை வைத்து ஜன்னலைப் பாருங்கள். வானம் தெரிகிறதா? தெரியாது, சன்ஷேடும் சுவரும்தான் தெரியும். வானம் தெரியாத இடத்தில் வெள்ளை இலை நிற்காது. கொடியின் நுனியாவது கீழே இறங்கிக் கொஞ்சம் வெளிச்சத்தைப் பிடித்துக்கொள்கிறது, தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பகுதி முழு இருட்டில் கிடக்கிறது. மேலே மொட்டையானதற்கு இதுதான் காரணம்.

எந்த ஜன்னலில் வைப்பது

ஹால் ஜன்னல் வடக்கு, படுக்கை அறை ஜன்னல் கிழக்கு, தெருப் பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். யோசிக்கவே வேண்டாம், கிழக்கு ஜன்னல். காலை ஏழில் இருந்து ஒன்பது வரை வரும் வெயில் இந்தச் செடிக்குப் பிடிக்கும். பத்து மணிக்கு மேல் சுள்ளென்று அடிக்க ஆரம்பித்தால், குறிப்பாகப் பங்குனி, சித்திரை, வைகாசியில், பழைய வேட்டித் துணியைத் திரையாகக் கட்டிவிடுங்கள். வெள்ளை வேட்டி ஒரு மடிப்பு போதும்.

வடக்கு ஜன்னலைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு, வடக்கு ஜன்னலுக்கு வெயிலே வராது என்று எழுதியிருக்கிறீர்கள். குளிர் நாடுகளுக்கு அது ஓரளவு சரி. மதுரை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 10 டிகிரியில்தான் இருக்கிறது. ஏப்ரல் நடுவில், சித்திரை பிறக்கும் சமயத்தில் சூரியன் நம் உச்சந்தலைக்கு மேலே வந்து, ஆகஸ்ட் கடைசி வரை நமக்கு வடக்கேதான் நிற்கிறது. அந்த நாலரை மாதமும் வடக்கு ஜன்னலில் காலையிலும் சாயங்காலமும் சாய்வான வெயில் விழும். எதிரே சுவர் இல்லாவிட்டால் உங்கள் ஹால் ஜன்னலே போதுமானதாக இருந்திருக்கும்.

படுக்கை அறையில் செடி வைத்தால் ராத்திரி மூச்சு முட்டும் என்று பயப்பட வேண்டாம். ஒரு தொட்டிச் செடி இரவில் விடும் கரியமில வாயு, பக்கத்தில் தூங்கும் மனிதர் விடுவதில் சிறு துளிகூட இருக்காது.

ஹாலில்தான் இருக்க வேண்டும் என்று வீட்டில் ஆசைப்பட்டால் விளக்கு போடலாம். அதற்கென்று விற்கும் ஊதா நிற விளக்கை வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். சாதாரண வெள்ளை எல்.இ.டி. பல்பு 9 வாட், செடிக்கு மேலே ஒரு அடி தூரத்தில், தினமும் 12 மணி நேரம். இரண்டு மாதக் கரண்ட் பில்லில் ஆறேழு யூனிட் கூடும். சீலிங்கில் எரியும் டியூப்லைட் கணக்கில் சேராது, அது செடிக்கு ரொம்ப தூரம்.

தண்ணீர், மண், உப்பு

இங்கேதான் நீங்கள் உடனே நிறுத்த வேண்டியது மூன்று இருக்கிறது.

ஒன்று, ஆர்.ஓ. மெஷின் வெளியேற்றும் தண்ணீர். அதை நல்ல தண்ணீர் என்று நினைத்திருக்கிறீர்கள். உங்கள் போர் தண்ணீரில் இருக்கும் உப்பை வடிகட்டி, நல்லதைக் குடத்தில் விட்டுவிட்டு, உப்பு கூடியதை அந்தக் குழாயில் தள்ளுகிறது அந்த மெஷின். போர் தண்ணீரைவிட அது மோசம். ஐந்தாவது படத்தில் தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதே, அது அந்த உப்புதான், வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் படிவது மாதிரி. அதுதான் இலை ஓரத்தைக் கருக்குகிறது. வெள்ளைப் பகுதி வலு இல்லாதது, அங்கேதான் முதலில் கருகும். அந்தத் தண்ணீரை வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். செடிக்கு மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் போதும், ஏ.சி.யில் சொட்டும் தண்ணீர் இருந்தால் அதுவும் நல்லது. ஐப்பசி மழையில் இரண்டு குடம் பிடித்து மூடி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

இரண்டாவது, தினமும் ஊற்றுவது. தண்ணீரைக் குடிக்க வைப்பதே வெளிச்சம்தான். இருட்டில் இருக்கும் செடி மெதுவாகத்தான் உறிஞ்சும், மண் காயாது, வேர் மூச்சு விட முடியாமல் அழுகும். தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெளிறிப் போய் உறுதியாக இருக்கும். அழுகிய வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் தோல் மட்டும் உருவிக்கொண்டு கையோடு வரும், உள்ளே நூல் மாதிரி நரம்பு மிஞ்சும், சாக்கடை வாடை அடிக்கும். அதையெல்லாம் தயங்காமல் வெட்டிவிடுங்கள். இனிமேல் நாள் கணக்கு வேண்டாம். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் அடியில் வடியும் வரை ஊற்றுங்கள், ஈரம் இருந்தால் அடுத்த நாள் பாருங்கள். இப்போது ஆடிக் காற்றில் நான்கு நாளைக்கு ஒரு தடவை கேட்கலாம், மார்கழியில் பத்து நாள்கூடப் போகும். தட்டில் வடிந்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். அரிசி கழுவிய தண்ணீரும் டீயும் வீட்டுக்குள் வேண்டாம், மண் மேலே புளித்துச் சின்னச் சின்ன ஈ வரும். முருங்கை மரத்துக்கு ஊற்றினால் ஒரு குறையும் இல்லை.

மூன்றாவது, கரிசல் மண். பருத்திக்கு அருமையான மண், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தொட்டிக்குள் அது களிபோல் இறுகித் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், காய்ந்தால் வெடிக்கும், வெடிக்கும்போது வேரும் அறுபடும். முழுவதையும் எடுத்துவிட்டுப் புதுக் கலவை போடுங்கள். கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, பட்டாணி அளவுக்கு உடைத்த ஓடு அல்லது செங்கல் சில்லு ஒரு பங்கு. கோகோபீட்டிலும் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தடவை ஊறவைத்துப் பிழிந்த பிறகுதான் கலக்க வேண்டும். இப்போது இருக்கும் பீங்கான் தொட்டிக்கு அடியில் ஓட்டை இல்லை என்று தெரிகிறது. மானாமதுரை மண் தொட்டி ஒன்று வாங்குங்கள், ஓட்டை உள்ளது, சின்னதாக. பெரிய தொட்டியில் வைத்தால் சீக்கிரம் வளரும் என்று ஒரு எண்ணம் இருக்கிறது, இந்த மாதிரி இளைத்த செடிக்கு அது ஆகாது. வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கி மறுபடியும் அழுகும்.

உரம் இப்போதைக்கு வேண்டாம். புது இலை இரண்டு விட்ட பிறகு, தழை, மணி, சாம்பல் மூன்று சத்தும் சம அளவில் உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு ஒரு கிராம் கரைத்து மாதம் ஒரு தடவை ஊற்றினால் போதும்.

நான்காவது படத்தில் இலைக் காம்பு இடுக்கில் பஞ்சு மாதிரி இருப்பதைப் பூஞ்சை என்று எழுதியிருக்கிறீர்கள். அது மாவுப்பூச்சி. ஈரத் துணியால் துடைத்து எடுத்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், நாலு சொட்டு சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளியுங்கள். வாரம் ஒரு தடவை, மூன்று வாரம்.

வெள்ளை திரும்புமா

பச்சையாகிவிட்ட இலை வெள்ளையாக மாறாது, எந்த வெயிலில் வைத்தாலும். இனிமேல் வரும் இலைதான் மாறும். அதுவும் எந்தக் கணுவில் இருந்து துளிர்க்கிறது என்பதைப் பொறுத்தது. கொடியைக் கையில் எடுத்து, தொட்டியில் இருந்து நுனி வரை தண்டை மட்டும் பாருங்கள், இலையை மறந்துவிடுங்கள். பச்சைத் தண்டில் வெள்ளைக் கோடு ஓடும், சில இடத்தில் நூல் அளவு, சில இடத்தில் பென்சில் கோட்டைவிடத் தடிமன். அந்தக் கோடு ஒவ்வொரு கணுவிலும் எங்கே போகிறது என்று பாருங்கள். இலைக் காம்பு தண்டைத் தொடும் இடத்தில், உள்பக்கம், ஒரு சின்ன மொட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். வெள்ளைக் கோடும் பச்சையும் சேர்ந்து அந்த மொட்டைத் தொட்டால் பெரும்பாலும் கலந்த இலை வரும். மொட்டு முழுப் பச்சையில் உட்கார்ந்திருந்தால் பச்சைக் கிளைதான். முழு வெள்ளையில் இருந்தால் இலையும் முழு வெள்ளையாக வரும், பார்க்க அழகாக இருக்கும், அந்தக் கிளை மட்டும் தனியாக நின்றால் சமைக்க வழி இல்லாமல் செத்துப்போகும்.

மூன்றாவது படத்தில் தெரியும் வரைக்கும், உங்கள் கொடியில் தொட்டியில் இருந்து இரண்டடி வரை கோடு இருக்கிறது, அதற்கு அப்புறம் காணோம். அப்படியானால் கோடு நல்லபடி இருக்கும் கடைசிக் கணுவுக்கு அரை அங்குலம் மேலே, நுனிப் பக்கமாக வெட்டுங்கள். மூன்றடிக் கொடி போகும், மனசு கேட்காது, ஆனாலும் வெட்டத்தான் வேண்டும். பச்சைக் கொடியை விட்டுவைத்தால் வெள்ளைக்கு வரவேண்டிய பலத்தையெல்லாம் அதுவே எடுத்துக்கொள்ளும்.

மிச்சம் இருக்கும் இரண்டடியிலும் கோடு உள்ள கணுக்களில் மூன்று துண்டு எடுத்துத் தனியாக வேர் விட வையுங்கள். தாய்ச் செடிக்கு ஏதாவது ஆனாலும் இது கையில் இருக்கும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு கணுவும் ஒரு இலையும் போதும். கணுவில் பழுப்பாக ஒரு முண்டு இருக்கும், வேர் அங்கே இருந்துதான் வரும். இலையை மட்டும் காம்போடு கிள்ளி வைத்தால் வேரே விட்டாலும் செடியாகாது. கண்ணாடி பாட்டிலில் கணு மூழ்கும் அளவு தண்ணீர் விட்டுக் கிழக்கு ஜன்னலில் வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் வரும். தண்ணீரை மூன்று நாளைக்கு ஒரு முறை மாற்றுங்கள், பாட்டிலையும் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு பரப்பும் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகப் பறந்துவிடும். மாநகராட்சி ஆட்கள் வந்து பார்க்கும்போது முதலில் தூக்கிப் பார்ப்பதே இந்த பாட்டிலைத்தான்.

மொட்டை மாடி

வேண்டாம். வெளிச்சம் போதவில்லை என்று நான் இவ்வளவு சொன்னதும் மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிவிடாதீர்கள். மூன்று வருஷம் இருட்டில் இருந்த இலை மதுரை வெயிலில் ஒரே நாளில் வெந்துபோகும், வெள்ளைப் பகுதி முதலில் போகும். கிழக்கு ஜன்னலுக்கே ஒரேயடியாக மாற்றாமல் முதல் வாரம் திரையோடு வையுங்கள்.

குழந்தை

இதில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். மணி பிளாண்ட், சேனை, சேப்பங்கிழங்கு எல்லாம் ஒரே குடும்பம். பச்சைச் சேனையை நறுக்கும்போது கை அரிப்பதற்குக் காரணமான ஊசி மாதிரியான கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இந்த இலையிலும் தண்டிலும் இருக்கின்றன. சேனையை வேகவைத்துப் புளி போட்டுச் சாப்பிடுகிறோம், இலையைக் குழந்தை பச்சையாகக் கடித்தால் வாய், நாக்கு, தொண்டை எரியும், வீங்கும், எச்சில் ஒழுகும். பூனை, நாய்க்கும் இதே கதி. உயிர் போகும் விஷம் என்று பயப்பட வேண்டாம், எரிச்சலிலேயே குழந்தை பெரும்பாலும் துப்பிவிடும். அப்படி ஆனால் வாயைத் துடைத்து, குளிர்ந்த தண்ணீரோ பாலோ கொஞ்சம் கொடுங்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உதடோ நாக்கோ வீங்கினால், விழுங்கவோ மூச்சு விடவோ சிரமப்பட்டால், ஒரு நிமிஷம் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இலையையும் கையோடு கொண்டுபோங்கள்.

வெளிச்சத்துக்குச் செடி கீழே வர வேண்டும், குழந்தைக்கு அது மேலே இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. ஜன்னல் கிரில்லில், தொட்டியின் வாய் தரையில் இருந்து ஐந்தடி உயரத்தில் இருக்கும்படி கட்டுங்கள். கொடியை ஒரு அடிக்கு மேல் தொங்க விடாமல், மிச்சத்தைத் தொட்டி மேலேயே சுற்றிக் கணுக்களை மண்ணில் பதித்துவிடுங்கள். பதித்த இடத்திலும் வேர் விடும், மேலே மொட்டையாகத் தெரிவதும் மறையும். ஜன்னலுக்குக் கீழே கட்டில், நாற்காலி எதுவும் இருக்கக் கூடாது. சீலிங் கொக்கியால் ஹவுஸ் ஓனரோடு வந்த மனஸ்தாபமும் இதோடு தீரும், அந்த ஓட்டையை அடைத்துக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் அத்தை சொல்வது பற்றி

பெரியவர்களோடு வாதம் பண்ண வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். கடை மந்தமானதற்குக் காரணம் கடைத்தெருவில் இருக்கிறது, உங்கள் ஹால் சீலிங்கில் இல்லை, அதை உங்கள் கணவர்தான் தன் அம்மாவிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால் வேறு மாதிரி கேட்கும். காற்றைச் சுத்தம் செய்யும் என்பதால்தான் அத்தை வாங்கச் சம்மதித்தார் என்று எழுதியிருந்தீர்கள். 1989-ல் நாசா செய்த ஆய்வில் இருந்து வந்த பேச்சு அது, மூடிய பெட்டிக்குள் செடியை வைத்துப் பார்த்தது. ஜன்னல் திறந்த வீட்டில் ஒரு தொட்டியால் அப்படி ஒன்றும் ஆகிவிடாது. செடி பிடிக்கிறது என்பதே வைத்துக்கொள்ளப் போதுமான காரணம்.

அடுத்த வீட்டில் திருடி வைத்தால்தான் மணி பிளாண்ட் வளரும் என்பார்களே, அத்தைக்கும் அந்த நம்பிக்கை இருக்கிறது என்று நினைக்கிறேன். வெட்டிய பச்சைக் கொடி மூன்றடி இருக்கிறது, அதில் நாலைந்து கணு தேறும். அதைத் தூக்கிப் போடாமல் அவரிடமே கொடுங்கள், ஒரு பாட்டில் அவர் கையால் அடுப்படி ஜன்னலில் இருக்கட்டும். பச்சைக் கொடி அங்கே தாராளமாக வளரும். அவர் பாட்டிலில்தான் முதலில் துளிர்க்கும், உங்கள் வெள்ளைத் துண்டு பின்தங்கித்தான் வரும். அதைப் பார்த்துப் பயந்து தண்ணீரைக் கூட்டிவிடாதீர்கள்.

புரட்டாசிக்குள் புது இலை ஒன்றாவது விரிந்திருக்க வேண்டும். விரிந்ததும் படம் எடுத்து அனுப்புங்கள். இலையோடு நிறுத்தாமல் தண்டும் தெரிகிற மாதிரி எடுங்கள், அந்தக் கோடு எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு அடுத்து எங்கே வெட்டலாம் என்று சொல்கிறேன்.